அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகள்: புதிதாக வாசிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க வரலாற்றை முறையாகப் படிக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் 1492-இல், கொலம்பஸின் கப்பல்களோடு தொடங்குகிறார்கள். பதின்மூன்று குடியேற்றங்களின் பெயர்களையும் ஆளுநர்களையும் மனப்பாடம் செய்து 1776-ஐ எட்டுவதற்குள் ஆர்வம் வடிந்துவிடுகிறது. நானும் இரண்டு முறை அப்படித் தொடங்கிப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். மூன்றாம் முறை நடுவிலிருந்து, அதாவது 1860-களிலிருந்து தொடங்கிய பிறகே முன்னும் பின்னும் இருந்த நிகழ்வுகள் தத்தம் இடத்தில் பொருந்தின. அந்த வரிசையையே இங்கே பரிந்துரைக்கிறேன்.

தொடங்குவதற்கு முன்

மூன்று பொருள்கள் போதும். முதலாவது, ஐம்பது மாநிலங்களையும் காட்டும் ஒரு வரைபடம். இரண்டாவது, அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முழு வாசகம். நம் நாட்டுச் சட்டத்தின் பருமனை நினைத்து அஞ்ச வேண்டாம். 1787-இல் எழுதப்பட்ட மூலம் ஏழு பிரிவுகளும் சுமார் 4,500 சொற்களும் மட்டுமே கொண்டது, அதன்பின் சேர்ந்த திருத்தங்கள் 27. அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம்.

நோட்டில் ஒவ்வொரு திருப்புமுனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நான்கு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நிலை என்ன, எந்த முடிவு எடுக்கப்பட்டது, அந்த முடிவு எந்த ஆவணத்தில் எழுதப்பட்டது, அதில் விடுபட்டவர்கள் யார் என்பவை அந்த நான்கு. நான்காவது கட்டத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். இந்திய அரசமைப்பின் முகப்புரை "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குவதைப் போலவே அமெரிக்க அரசமைப்பும் மக்களின் பெயராலேயே தொடங்குகிறது. அந்த "மக்கள்" என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்ற வழக்கே அந்நாட்டின் வரலாறாக நீண்டிருக்கிறது என்பது என் கருத்து. ஒரு திருப்புமுனையில் விடுபட்டவர்களே பெரும்பாலும் அடுத்த திருப்புமுனையின் நாயகர்களாக வருகிறார்கள்.

முதல் படி: 1860 முதல் 1870 வரை

முதல் இரண்டு வாரங்களை இந்தப் பத்தாண்டுகளுக்கே கொடுங்கள். 1860-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 3 கோடியே 14 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். அடிமை முறை மேற்கிலிருந்த புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்ற கொள்கையோடு போட்டியிட்ட ஆபிரகாம் லிங்கன் அந்த ஆண்டு நவம்பரில், 40 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான வாக்குகளுடன் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா ஒன்றியத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. மொத்தம் பதினொரு தென் மாநிலங்கள் விலகின. 1861 ஏப்ரல் 12 அன்று, ஒன்றியப் படையின் வசமிருந்த சம்டர் கோட்டையின் மீது பீரங்கிகள் முழங்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1865 ஏப்ரல் 9 அன்று ஆப்பமட்டாக்ஸில் தென்னகத் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தார். நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் மதிப்பீட்டின்படி மடிந்தவர்கள் 6 லட்சத்து 20 ஆயிரம் பேர்.

இந்தப் போர் எதற்காக நடந்தது என்ற கேள்விக்கு இரண்டு விதமான பதில்களை நீங்கள் எதிர்கொள்வீர்கள். அடிமை முறைக்காக என்பார்கள் ஒரு சாரார். மாநில உரிமைகளுக்காக என்பார்கள் மற்றொரு சாரார். மாநில சுயாட்சி என்ற கருத்துக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் மதிப்பினால், இரண்டாவது பதில் நம் காதுக்கு இதமாக ஒலிக்கக்கூடும். ஆகவே யாருடைய விளக்கத்தையும் நம்புவதற்கு முன், விலகிய மாநிலங்கள் அன்று தாமே எழுதி வைத்த காரணங்களை வாசியுங்கள். 1861 ஜனவரியில் மிசிசிப்பி மாநிலம் வெளியிட்ட அறிக்கையின் இரண்டாவது வாக்கியமே, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்றும், உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன் அதுவே என்றும் சொல்கிறது. இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை.

இங்கே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையையும் குறிப்பிட வேண்டும். 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் எல்லா அடிமைகளையும் விடுவித்தது என்று எழுதிவிடுகிறார்கள். அது கிளர்ச்சியில் இருந்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்தை விட்டு விலகாத கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் ஆகிய அடிமை மாநிலங்களை அது தொடவில்லை. ஆனாலும் அதன் பிறகு கறுப்பின ஆண்கள் பெருமளவில் படையில் சேர்க்கப்பட்டார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் பேர் வடக்கின் இராணுவத்தில் பணியாற்றியிருந்தார்கள். நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்தது 1865 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 13-ஆம் சட்டத்திருத்தம்.

அடுத்து 14-ஆம் சட்டத்திருத்தத்தின் முதல் பிரிவை மெதுவாக, வாக்கியம் வாக்கியமாக வாசியுங்கள். 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்று தீர்ப்பளித்திருந்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1868-இல், அமெரிக்காவில் பிறந்து அதன் அதிகார வரம்புக்கு உட்பட்டவர்கள் அனைவரும் குடிமக்கள் என்று இந்தப் பிரிவின் முதல் வாக்கியம் அந்தத் தீர்ப்பை அழித்தது. அடுத்த வாக்கியம் எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்றது. அங்கே குடிமக்கள் என்று சொல்லாமல் "எவருக்கும்" என்று எழுதியிருப்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல வழக்குகள் அந்தச் சொல்லை ஊன்றி நிற்கின்றன. இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15-ஆம் திருத்தம் 1870-இல் வந்தது. இந்த மூன்று திருத்தங்களையும் இரண்டாவது அரசமைப்பு என்றே சொல்லலாம்.

இரண்டாம் படி: அங்கிருந்து 1787-க்கும் 1776-க்கும் பின்னோக்கி

இத்தனை உயிர்களைக் குடித்த சிக்கல் எங்கே தொடங்கியது என்ற கேள்வியோடு இப்போது பின்னோக்கிச் செல்லுங்கள். சுதந்திரம் பெற்ற பிறகு பதின்மூன்று மாநிலங்களும் ஒரு தளர்ந்த கூட்டமைப்பாக இருந்தன. மத்திய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. 1786-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடனில் மூழ்கிய விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது அதன் பலவீனம் வெட்டவெளிச்சமாயிற்று. 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடிய பிரதிநிதிகள் செப்டம்பர் 17 அன்று புதிய அரசமைப்பை நிறைவு செய்தார்கள். பங்கேற்ற 55 பேரில் 39 பேர் கையெழுத்திட்டார்கள்.

அந்த ஆவணத்தில் "அடிமை" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். ஓரிடத்திலும் இல்லை. ஆனால் முதல் பிரிவின் இரண்டாம் கூறில், மக்கள் தொகைக்கேற்ப நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடும்போது சுதந்திரமான ஆட்களின் எண்ணிக்கையோடு "மற்ற எல்லா ஆட்களிலும்" ஐந்தில் மூன்று பங்கைச் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்த "மற்ற ஆட்கள்" அடிமைகளே. வாக்களிக்க முடியாத அவர்களின் தலைகளை எண்ணி, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களின் மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்களும், அதன் வழியே அதிபர் தேர்தலில் கூடுதல் பலமும் கிடைத்தன. 1808-க்கு முன் அடிமை இறக்குமதியைத் தடை செய்யக் கூடாது என்றும், தப்பியோடியவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் இதே மறைமொழியில் மேலும் இரண்டு விதிகள் உள்ளன. பெயர் சொல்லக் கூசியவர்கள் செயலைத் தடுக்கவில்லை என்பதை இந்த மூன்று விதிகளும் காட்டுகின்றன.

அடிமை முறை தானாகவே தேய்ந்து மறையும் என்று அன்று பலர் எதிர்பார்த்தார்கள். 1793-இல் எலி விட்னி உருவாக்கிய பருத்தி அரைவை இயந்திரம் அந்த எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் வேலை எளிதானதும், தென்னகம் முழுவதும் பருத்தி பரவியது. 1790-இல் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை எழுபது ஆண்டுகளில் 40 லட்சத்தை நெருங்கியது. கரிசல் மண்ணையும் பஞ்சாலையையும் அறிந்த வாசகர்களுக்கு, ஒரு பயிர் ஒரு சமூகத்தின் அமைப்பையே மாற்றிவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கும் பின்னால், 1776. பிரான்சுடனான போரில் கடன்பட்ட பிரிட்டன், அந்தச் சுமையின் ஒரு பகுதியைக் குடியேற்றங்களின் மீது வரிகளாக ஏற்றியது. தங்களுக்குப் பிரதிநிதித்துவம் இல்லாத நாடாளுமன்றம் தங்களுக்கு வரி விதிக்கக் கூடாது என்று அவை எதிர்த்தன. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. அது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கொடி பறக்கவிட்டிருந்த அதே கம்பெனி. இன்னொரு தொடர்பும் உண்டு. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் தன் படையோடு ஜார்ஜ் வாஷிங்டனிடம் தோற்ற பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ், ஐந்து ஆண்டுகளில் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து, 1792-இல் திப்பு சுல்தானை வென்று, திண்டுக்கல்லையும் பாராமகாலையும் (சேலம், கிருஷ்ணகிரிப் பகுதி) கம்பெனியின் கைக்குக் கொண்டுவந்தார். அங்கே தோற்ற பேரரசு இங்கே வேரூன்றிய காலம் ஒன்றே என்பதை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டால், ஆண்டுகள் மறக்காது.

சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், எல்லா மனிதர்களும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார். தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாகவும் வைத்திருந்தார். இவற்றில் ஒன்றை மட்டும் எழுதி மற்றொன்றை விட்டுவிட வேண்டாம். அந்த வாக்கியத்தின் வலிமையை, அதிலிருந்து விலக்கப்பட்டவர்களே பின்னாளில் மிகுதியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் படி: 1877-லிருந்து 1965-க்கு முன்னோக்கி

சட்டத்திருத்தங்கள் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து இந்த இடைவெளியைத் தாண்டிவிடுவது இரண்டாவது பெரிய பிழை. 1876 அதிபர் தேர்தலின் முடிவு சர்ச்சைக்குள்ளாகி, அடுத்த ஆண்டு ரதர்ஃபோர்ட் ஹேஸ் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வர் குழுவில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் அதிபரானார். தெற்கில் கறுப்பினத்தவரின் உரிமைகளை ஆதரித்து எஞ்சியிருந்த மாநில அரசுகளுக்குக் காவலாக நின்ற கூட்டாட்சிப் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. அதன்பின் வாக்களிக்கச் செலுத்த வேண்டிய வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு போன்ற தடைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவை என்ன செய்தன என்பதற்கு லூசியானா மாநிலத்தின் இரண்டு எண்கள் போதும். 1896-இல் அங்கே பதிவு பெற்றிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334, 1904-இல் 1,342. பதினைந்தாம் திருத்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதே 1896-இல் பிளெசி வழக்கில், வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பின் அடிப்படையை, 1954 மே 17 அன்று, பள்ளிகளைப் பற்றிய பிரவுன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தகர்த்தார்கள்.

தீர்ப்பு ஒன்று, தெரு மற்றொன்று. 1955 டிசம்பர் 1 அன்று அலபாமாவின் மான்கோமெரி நகரில் நடந்ததை நுணுக்கமாகப் பாருங்கள். கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் வெள்ளையர் இருக்கையில் அமர்ந்தார் என்று பலரும் எழுதுகிறார்கள், உண்மை அதுவன்று. பேருந்தின் முன்பகுதியிலிருந்த பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு உரியவை. அவர் அவற்றுக்குப் பின்னால், கறுப்பினத்தவர் அமரக்கூடிய முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். முன்னிருக்கைகள் நிரம்பி ஒரு வெள்ளையர் நிற்க நேர்ந்ததும், அந்த வரிசையில் இருந்த நால்வரையும் எழச் சொன்னார் ஓட்டுநர். ஒருவருக்கு இடம் தர நால்வர் எழ வேண்டும். ஏனெனில் ஒரே வரிசையில் சேர்ந்து உட்காருவதும் அனுமதிக்கப்படவில்லை. மூவர் எழுந்தார்கள், அவர் எழவில்லை, கைது செய்யப்பட்டார். தீண்டாமையின் வரலாற்றை அறிந்த சமூகத்திலிருந்து வாசிக்கும் நமக்கு, அந்த வரிசையின் பொருள் எளிதில் விளங்கும். தொடர்ந்து 381 நாள்கள் அந்நகரின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தும், கார்களில் ஒருவரையொருவர் ஏற்றிச் சென்றும் வேலைக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமையேற்ற 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங், காந்தியடிகளின் வழியை நேரில் அறிய 1959-இல் இந்தியா வந்தபோது கன்னியாகுமரிக்கும் வந்திருந்தார்.

இந்தப் படியை இரண்டு சட்டங்களோடு முடித்துக்கொள்ளுங்கள்: பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் பாகுபாட்டைத் தடை செய்த 1964-இன் குடிசார் உரிமைகள் சட்டமும், செல்மா நகரின் பாலத்தில் ஊர்வலத்தினர் தாக்கப்பட்டு ஐந்து மாதங்களில் வந்த 1965-இன் வாக்குரிமைச் சட்டமும். 1870-இல் காகிதத்தில் தரப்பட்டது கைக்கு வந்து சேர 95 ஆண்டுகள் ஆயின.

நான்காம் படி: வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு

இது வரை வந்தது வடக்கு, தெற்கு வரலாறு. கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்த வரலாறு ஒன்று தனியாக உண்டு. அதை வரைபடம் இல்லாமல் படிப்பது வீண். 1803-இல் பிரான்சிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிய லூசியானாப் பரப்பை ஒரு வண்ணத்தில் தீட்டுங்கள். நாடு ஏறத்தாழ இரட்டிப்பாவதைக் காண்பீர்கள். மெக்சிகோவுடனான போரின் முடிவில் 1848-இல் பெற்ற கலிஃபோர்னியா உள்ளிட்ட தென்மேற்கை மற்றொரு வண்ணத்தில் தீட்டுங்கள். பிறகு, இந்த வண்ணங்களின் கீழே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் யார் என்று நான்காவது கட்டத்தில் எழுதுங்கள்.

பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான செரோக்கி மக்களை மட்டுமேனும் விரிவாகப் படியுங்கள். அவர்களுக்குச் சொந்த எழுத்துமுறை இருந்தது, 1827-இல் எழுதிய அரசமைப்பு இருந்தது, 1828 முதல் செய்தித்தாள் இருந்தது. 1832-இல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. இருந்தும் 1830-இன் வெளியேற்றச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 1838-இல் படைவீரர்கள் அவர்களை வீடுகளிலிருந்து இறக்கி மேற்கே நடத்திச் சென்றார்கள். ஏறத்தாழ 4,000 பேர் மடிந்ததாகக் கணிக்கப்படுகிறது. நாட்டின் முதல் உரிமையாளர்களான பூர்வகுடிகள் அனைவரும் சட்டப்படி குடிமக்களானது 1924-இல்தான்.

ஐந்தாம் படி: மூன்று நிகழ்வுகள், சுருக்கமாக

பெண்களின் வாக்குரிமைக்கு 1920-ஐப் பாருங்கள். அதற்கான 19-ஆம் திருத்தத்துக்கு 36 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்ட நிலையில், 36-ஆவதாக வந்த டென்னசி மாநிலச் சட்டமன்றத்தில் 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன், எதிர்ப்பாளர்களின் சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்தியிருந்தும், ஆதரித்து வாக்களிக்கும்படி தம் தாய் எழுதிய கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, ஆதரவாக வாக்களித்தார். பொருளாதாரத்துக்கு 1929-இன் பங்குச்சந்தை வீழ்ச்சியையும், 1933-இல் உழைக்கும் மக்களில் நால்வரில் ஒருவர் வேலையின்றி நின்றதையும், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த வங்கி வைப்புக் காப்பீட்டையும் 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும் படித்தால் போதும். இரண்டாம் உலகப் போருக்கு 1941 டிசம்பர் 7-இல் பேர்ள் துறைமுகத் தாக்குதலோடு நின்றுவிடாமல், அடுத்த பிப்ரவரியில் வெளியான ஆணையால் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டதையும் சேர்த்து எழுதுங்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள்.

வாசிக்கும்போது இரண்டு சொற்களில் கவனம் தேவை. அங்கே காங்கிரஸ் என்பது கட்சியன்று, நாடாளுமன்றம். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்ற பெயர்கள் 1860-இல் குறித்த நிலைப்பாடுகளை இன்று குறிப்பதில்லை. லிங்கனின் குடியரசுக் கட்சியை இன்றைய அரசியலின் கண்ணாடி வழியே பார்த்தால் குழப்பமே மிஞ்சும்.

ஆறாம் படி: குடிவரவுச் சட்டங்கள்

இந்தப் படியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், முந்தைய படிகள் இல்லாமல் இது விளங்காது என்பதே. 1882-இல் சீனத் தொழிலாளர்களின் வருகை சட்டப்படி தடை செய்யப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், சீனா சென்று 1895-இல் திரும்பியபோது நாட்டுக்குள் நுழைய விடப்படவில்லை. 1868-இல் வந்த 14-ஆம் திருத்தத்தின் அந்த முதல் வாக்கியத்தைச் சுட்டி, அவர் பிறப்பாலேயே குடிமகன் என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் ஓர் அதிபர் ஆணை பிறப்புக் குடியுரிமையைக் கட்டுப்படுத்த முனைந்தபோது, வழக்காடியவர்கள் மீண்டும் திறந்தது இந்தத் தீர்ப்பையே.

இந்தியர்களின் வரிசை வேறு. முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய, பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திண்ட், சட்டத்தின் பொருளில் வெள்ளையர் அல்லர் என்பதால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923-இல் தீர்ப்பாயிற்று. 1946-இல் அந்தத் தடை நீங்கியது. ஆனால் ஆண்டுக்கு 100 இந்தியர்கள் என்பதே ஒதுக்கீடு. 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், பிறந்த நாட்டை வைத்துப் பாகுபடுத்திய பழைய ஒதுக்கீட்டு முறையை ஒழித்தது. வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டே மாதங்களில், அதே நாடாளுமன்றம் அதே அலையில் இதை நிறைவேற்றியது. தமிழ் மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருந்தொகையில் அங்கே குடியேற முடிந்தது இதன் பிறகே. மான்கோமெரியில் நடந்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் இது. 1990-இன் சட்டம் எச்-1பி விசாவுக்கான வரம்பையும், எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் நிரந்தரக் குடியிருப்பு அட்டை இல்லை என்ற விதியையும் வகுத்தது. இன்று இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்பது அந்த விதியினால்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்காக ஒதுக்குங்கள். உங்களுக்குத் தெரிந்த குடும்பத்திலோ தெருவிலோ அமெரிக்கா சென்ற ஒருவரிடம், எந்த ஆண்டு சென்றார், எந்த வகை விசாவில் சென்றார் என்று கேட்டு, முதல் கட்டத்தில் எழுதுங்கள். மூன்றாவது கட்டத்தில் அவருக்குக் கதவு திறந்த சட்டத்தின் ஆண்டை எழுதுங்கள். நான்காவது கட்டத்தை நிரப்ப, அவருடன் விண்ணப்பித்து இன்னும் காத்திருப்பவர் யார் என்றும் அவரிடமே கேளுங்கள்.